ஓட்டு இல்லாத கண்டக்டர்

பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டதா இல்லையா என்பது விசிலில் தெரியும் என்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் சொல்வார்கள். மற்ற நாட்களில் வண்டி கிளம்ப ஒரு விசில் கொடுப்பான். கோபமாக இருந்தால் பூ கட்டுகிறவர்கள்கூடத் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி மூன்று. 2009 ஆவணி மாதம் முழுக்க அவன் கொடுத்தது மூன்று விசில்தான். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு செஸ் ஆட்டம். சிரித்துவிட்டு மேலே கேளுங்கள், எப்பேர்ப்பட்ட அநியாயம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆள் தேவனாம்பட்டினத்துக்காரன். அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். அவனும் எட்டு வருஷம் போனான். சுனாமிக்கு அப்புறம் அவன் போட் இரண்டு துண்டாக, கெடிலம் கடலில் சேருகிற இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. நிவாரணத்துக்கு வரிசையில் நின்றபோது, "தள்ளி நில்லுய்யா" என்று ஒரு ஆள் தோளில் கை வைத்துத் தள்ளினான். அவ்வளவுதான். வரிசையே வேண்டாம், உன் அரிசியும் வேண்டாம் என்று வெளியே வந்தவன், பத்தாவது பாஸ் செய்த சர்ட்டிபிகேட்டைத் தேடி எடுத்துக் கண்டக்டர் லைசென்ஸ் வாங்கினான். அடுத்த வருஷமே வடிவு டிரான்ஸ்போர்ட்டில் வேலை. கடலூர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், சிதம்பரம். போக வர, போக வர. நாலு வருஷத்தில் அவன் பையில் ஒரு குறை கண்டுபிடித்தவர் கிடையாது.

வடிவு டிரான்ஸ்போர்ட்டுக்கு இரண்டு ஷெட். கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று. முதலாளி ஒரு செஸ் பைத்தியம். வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு ஷெட்டுக்கும் ஒரே ஒரு ஆட்டம் வைப்பார். இங்கே டைம் ஆபீசில் ஒரு போர்டு, அங்கே டைம் ஆபீசில் ஒரு போர்டு. ஒரு நாளைக்கு ஒரு மூவ். இங்கே நாலு பேர் கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு முடிவு செய்த மூவைச் சீட்டில் எழுதி மதிய டிரிப்பில் அனுப்ப வேண்டும். அங்கே அவர்கள் கூடிப் பேசிப் பதில் எழுதி அதே வண்டியில் திருப்பி அனுப்புவார்கள். போனில் சொன்னால் செல்லாது. எங்கள் ஆட்டம் எங்கள் வண்டியில்தான் போக வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். ஜெயிக்கிற ஷெட்டுக்கு அந்த வருஷம் வாங்குகிற புது வண்டி. தோற்கிற ஷெட்டுக்கு வழக்கம்போல, மழை வந்தால் கூரை ஒழுகுகிற வண்டி.

போர்டில் உள்ள அறுபத்து நாலு கட்டத்துக்கும் பஸ் சீட்டு மாதிரி நம்பர் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைக் காய்க்காரர்களின் இடது மூலை ஒன்று, எதிர்ப்பக்கம் வலது மூலை அறுபத்து நாலு. சீட்டில் "குதிரை 38" என்று எழுதினால் குதிரை போய் முப்பத்தெட்டில் உட்கார வேண்டும். அந்த வருஷம் கடலூருக்கு வெள்ளைக் காய்.

ஓட்டு உள்ள நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். டைம்கீப்பர் சுப்புராயன், அவர்தான் கேப்டன். சீனியர் டிரைவர் பூவரசன், வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர். செக்கிங் சிற்றம்பலம். அப்புறம் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பிரிசில்லா. மதிய டிரிப் கண்டக்டர் பொன்னுரங்கத்துக்கு ஓட்டு கிடையாது. "ரெண்டு போர்டையும் பாக்கற ஆளுக்கு ஓட்டு கெடயாதுப்பா. அதான் மொற" என்று சுப்புராயன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

கொடுமை என்னவென்றால், அந்த ஷெட்டில் ஒழுங்காக செஸ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் மனைவி திலகவதிக்குப் பிறந்த வீடு சிதம்பரம். அவள் தம்பி சிவசங்கர் சிதம்பரம் ஷெட்டில் மெக்கானிக். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் மச்சானோடு உட்கார்ந்து ஆடி ஆடிப் பழகியவன் பொன்னுரங்கம். கடைசியில் மச்சானையே ஓட ஓட விரட்டுகிற அளவுக்கு வந்துவிட்டான். இந்த ஆட்டத்தில் மச்சானுக்கு அங்கே ஓட்டு இருந்தது. இவனுக்கு இங்கே இல்லை.

முதல் எட்டு மூவ் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சுப்புராயன் மூவை எழுதி அப்படியே கையில் கொடுப்பார், இவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவான். கடலூர் ஒரு சிப்பாய் ஜாஸ்தியாகக்கூட இருந்தது. ஒன்பதாவது மூவ் அன்றைக்குச் சீட்டைப் பார்த்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"சார், இது வேணாம் சார். மந்திரி அங்க போனா மாட்டிக்கும்" என்றான்.

சுப்புராயனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நீ இன்னாய்யா எனக்குச் சொல்றது? சீட்டு குடுத்தா கொண்டு போ. பிரிச்சிப் படிக்கறது ஒன் வேல இல்ல."

பிரித்துப் படிக்க அதில் என்ன இருந்தது? மடிக்காமல் கொடுத்த துண்டுத்தாள். ஆனாலும் மறுநாளிலிருந்து மூவ் சீட்டு கவருக்குள் போக ஆரம்பித்தது. நாலு பக்கமும் பசை, மேலே சுப்புராயன் கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்பு வேறு. பொன்னுரங்கம் அதை வாங்குகிறபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினான். நாலு வருஷமாக எத்தனை பேர் பணத்தை எண்ணி ஒப்படைத்த கை, அதில் கொடுக்கிற காகிதத்துக்குப் பூட்டு.

கவர் போட்ட நாளிலிருந்து கடலூருக்குச் சனியன் பிடித்தது. இவர்கள் ராணியை இடப்பக்கம் கொண்டுபோகத் திட்டம் போட்டால், மறுநாளே சிதம்பரத்துக்காரன் அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு மூவ் கழித்து இவர்கள் வெட்ட நினைத்த சிப்பாய்க்கு அவன் முன்கூட்டியே காவல் போட்டான். மனசில் நினைத்ததெல்லாம் அவனுக்கு எப்படித் தெரிகிறது? ஒரு தடவை என்றால் தற்செயல். மூன்று தடவை ஆனதும் பூவரசன் மேஜையில் ஓங்கி அடித்தார்.

"இன்னும் புரியலியா? மச்சான் அங்க, மாமன் இங்க. நாம பேசறதக் கேட்டுகினு போயி ஒப்பிக்கறான்."

பொன்னுரங்கம் அப்போது வாசலில் நின்று டிரிப் ஷீட்டில் கையெழுத்துக்குக் காத்திருந்தான். அவன் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார். "யாரப் பாத்து இன்னா பேசற?" என்று இவன் உள்ளே பாய, பிரிசில்லாதான் குறுக்கே வந்து நின்றது. "அண்ணா, வேணாம்ணா. டூட்டில இருக்கீங்க" என்றது.

அன்றோடு முடியவில்லை. சிற்றம்பலம் மூன்று நாளைக்கு ஒரு தடவை பி.முட்லூரில் ஏறி அவன் பையைக் கவிழ்த்தார். நாற்பது பயணிகளுக்கு முன்னால். "செஸ்ல தில்லுமுல்லு பண்றவன் டிக்கெட்ல பண்ணமாட்டான்னு இன்னா நிச்சயம்?" என்று சிரித்துக்கொண்டே வேறு கேட்டார். விஷயம் முதலாளி காது வரைக்கும் போய், இன்னொரு புகார் வந்தால் பையைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான் என்று அவர் சொன்னதாகச் சேதி வந்தது. கையில் சுத்தம் இல்லை என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால், கண்டக்டருக்கு எந்தக் கம்பெனியிலும் பை கிடைக்காது. ஒரு விளையாட்டுக்காக ஒருவன் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தார்கள்.

இதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டான். பூவரசன் வீட்டுக்கு வந்து செய்ததைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. மகள் மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்த மனுஷன், தட்டில் பழத்தை வைத்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்கிற மாதிரித் திலகவதியிடம் சொன்னார்: "ஒன் தம்பி சிதம்பரத்துல ஜெயிச்சிகினே போறாராமே தங்கச்சி? சேதியெல்லாம் இந்த வூட்டுலருந்துதான் போவுதாம். சம்பளம் கடலூர்ல, விசுவாசம் பொண்டாட்டி ஊர்லயா?"

திலகவதி காபி கொடுத்து அனுப்பினாள். அப்புறம் தம்பியின் போனை எடுப்பதை நிறுத்தினாள். "நான் பொறந்த வூட்டு வாசப்படிய மிதிச்சாதான இந்தப் பேச்சு? ஒங்க பேரு சுத்தமாவற வரைக்கும் நான் மிதிக்கல" என்றாள். அவள் அம்மாவுக்கு அந்த வாரம் கண் ஆபரேஷன். ஒரே மகள் போகவில்லை. பொன்னுரங்கம் கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். அசையவில்லை. தினமும் மதியம் அவள் பிறந்த ஊருக்கே போய்வந்துகொண்டிருந்த அவனுக்கு, அந்தக் கவர் சட்டைப் பையில் நெருப்பு மாதிரி சுட்டது.

கவர் போட ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. சிதம்பரம் ஷெட்டில் வண்டியை விட்டு இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தவனிடம் சிவசங்கர் வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"மாமா, அக்கா ஏன் போன எடுக்கமாட்டுது? கட்டு பிரிச்சதுலருந்து அம்மா அழுவுது. கண்ணுல தண்ணி வரக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

பொன்னுரங்கம் கொட்டித் தீர்த்துவிட்டான். திருட்டுப் பட்டம், கவிழ்த்த பை, பூவரசன் சொன்னது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல மச்சான் முகம் வெளுத்தது. டைம் ஆபீசுக்குள் போய் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். கடலூரிலிருந்து வந்த கவர்கள். ஒவ்வொன்றும் பிளேடால் நறுக்கிப் பிரித்து விரிக்கப்பட்டிருந்தது.

"உள்பக்கம் பாரு மாமா."

பார்த்தான். உள்பக்கம் முழுக்க சுப்புராயனின் முத்து முத்தான கையெழுத்து. யார் எந்த மூவ் சொன்னது, ஏன் சொன்னது, யார் யார் ஓட்டுப் போட்டது, அடுத்து இரண்டு மூவில் என்ன செய்வதாக உத்தேசம், எல்லாம் வரிசையாக. சுப்புராயனுக்கு எந்தப் பேச்சையும் மினிட்ஸ் எழுதாவிட்டால் தூக்கம் வராது. ஒரு பக்கம் எழுதின தாளைத் தூக்கிப் போடவும் மனசு வராது. முடிவான மூவைத் துண்டுச் சீட்டில் எழுதியதும், கைக்கு எட்டின மினிட்ஸ் தாளை எழுத்து உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, பசை தடவிக் கவர் செய்துவிடுவார். ஷெட்டில் இருபது வருஷமாக எல்லாக் கவரும் அப்படித்தான். நாலு பேரும் கண்ணெதிரே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

இவனை நம்பாமல் போட்ட கவர்தான் ஊரைக் கூட்டிச் சேதி சொல்லியிருக்கிறது. ஒட்டின கவரைக் கொண்டு போனவனுக்கு அதன் உள்பக்கம் எப்படித் தெரியும்?

பொன்னுரங்கம் மச்சான் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "ஒரு மாசமா சிரிச்சிகினு படிச்சீங்களாடா? நான் அங்க திருடன் பட்டம் வாங்கிகினு நிக்கறேன்!"

"சத்தியமா ஒன் தலையில விடியும்னு தெரியாது மாமா! அவுரே எழுதி அனுப்பறாரு, நாங்க படிச்சோம். விளையாட்டுதானன்னு இருந்துட்டோம். எங்க ஆளுங்க என்னக் கொன்னாலும் சரி, இத நீ எடுத்துகினு போ."

திரும்பி வருகிற வண்டியில் புதுச்சத்திரத்தில் ஏறின ஒரு அம்மாவுக்கு மிச்சம் கொடுக்கவே மறந்துவிட்டான். அந்த அம்மா இரண்டு தடவை கேட்டுத்தான் கொடுத்தான். நாலு வருஷத்தில் அப்படி ஆனது அன்றைக்குத்தான்.

கடலூர் டைம் ஆபீசில் நாலு பேரும் போர்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் மூவுக்கு அப்போதே வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. யானையால் 51-இல் இருக்கிற சிப்பாயை வெட்டலாம் என்றார் பூவரசன். குதிரையை 38-க்குக் கொண்டுபோகலாம் என்றது பிரிசில்லா. பொன்னுரங்கம் போர்டின் மேலேயே காகிதக் கட்டை அடித்தான். நாலு காய் உருண்டு கீழே விழுந்தது.

"படிங்க. ஒங்க கையெழுத்துதான சார்? ஒங்க கவருதான? சத்தமா படிங்க!"

சுப்புராயன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பூவரசன் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். இப்போதாவது ஒருத்தன் வாயில் 'தப்பு பண்ணிட்டோம்பா' என்று வரும் என்று அவன் காத்துக்கொண்டு நின்றான்.

சிற்றம்பலம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடி சக்க! ஜெயிச்சோம் போ. அவனுங்க படிக்கறானுங்கன்னு நமக்குத் தெரிஞ்சிபோச்சி, நமக்குத் தெரியும்னு அவனுங்களுக்குத் தெரியாது. நாளைக்கிக் குதிரைய 38-க்கு வை. கவருக்குள்ள, அடுத்து யானையால 51-ஐ வெட்டப்போறோம்னு எழுது. அவனுங்க அதுக்குக் காவல் போட ஓடுவானுங்க, நாம இந்தப் பக்கம் ராணிய எறக்கிடலாம்."

பூவரசனுக்கு உயிர் வந்தது. "மூணே மூவ்ல செக்மேட்டு! ரங்கம், நீ ஒண்ணும் தெரியாத மாரி மூஞ்ச வச்சிகினு கவரக் குடுத்துட்டு வந்துடு. மச்சான்கிட்ட, கவர எங்களுக்குக் காட்டவே இல்லன்னு சொல்லிடு."

கேட்டீர்களா? செய்யாத மோசடிக்கு ஒரு மாதம் திட்டு. இப்போது அதையே நிஜமாகச் செய்யச் சொல்லி உபதேசம்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றான் பொன்னுரங்கம். "நான் சொல்லலன்னு இப்ப எல்லார் எதிர்லயும் சொல்லுங்க. மொதலாளிக்கும் சொல்லுங்க."

சுப்புராயன் தொண்டையைச் செருமினார். "சொல்லலாம்பா. ஆனா இப்ப சொன்னா சேதி சிதம்பரத்துக்குப் பூடும். பிளான் கெட்டுடும். ஆட்டம் முடியட்டும். பத்து நாளு பொறுத்துக்க."

"பத்து நாளா?"

"சரி, ஓட்டு எடுத்துருவோம். இப்பவே சொல்லணும்கறவங்க கைய தூக்குங்க."

ஒருத்தன் மானத்துக்கு ஓட்டெடுப்பு! பிரிசில்லா மட்டும் கையைத் தூக்கியது. "பாவம் சார், சொல்லிடலாம் சார்" என்றது. மற்ற மூன்று பேரும் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுப்புராயன் பழக்க தோஷத்தில் ஒரு புதுத் தாளை எடுத்து, 'மூன்றுக்கு ஒன்று' என்று எழுதவும் ஆரம்பித்தார்.

பொன்னுரங்கம் அந்தத் தாளைப் பார்த்தான். அப்புறம் ஒரே எட்டில் மேஜையைச் சுற்றிப் போய், வண்டி நேரம் சொல்கிற மைக்கை இழுத்து ஸ்விட்சைப் போட்டான். பஸ் ஸ்டாண்டின் நாலு மூலையிலும் குழாய் கிர்ரென்றது.

"பயணிகள் கவனிக்கவும். நான் வடிவு டிரான்ஸ்போர்ட் கண்டக்டர் பொன்னுரங்கம் பேசறேன். செஸ் ஆட்டத்துல சிதம்பரத்துக்குச் சேதி சொன்னேன்னு என்னத் திருடன்னாங்க. சேதி சொன்னது நான் இல்ல. டைம்கீப்பர் சுப்புராயன் சார் ஒட்டின கவரு. உள்பக்கம் அவுரே எல்லாத்தையும் எழுதி அனுப்பிகினு இருந்தாரு. கவரு என்கிட்ட இருக்கு, பாக்கணும்கறவங்க வந்து பாக்கலாம். அந்தப் பேரு இன்னிக்கோட போச்சி. என் பொண்டாட்டியும் அவ தம்பியும் யாருக்கும் துரோகம் பண்ணல. சிதம்பரம் வண்டி மூணாவது பிளாட்பாரத்துல நிக்குது."

பழக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். மூன்றாவது பிளாட்பாரத்தில் சிதம்பரம் ஷெட் டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆட்டத்தயே கெடுத்துட்டியேடா பாவி!" என்று சுப்புராயன் ஒயரைப் பிடுங்கினார்.

"கெடட்டும் சார்! என் பேரு கெட்டப்ப இந்தப் பதட்டம் ஒங்களுக்கு வரலியே!"

பூவரசன்தான் முதலில் இறங்கி வந்தார். உருண்ட காய்களைப் பொறுக்கி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி, வா ரங்கம். வுடு. இனிமே நீயும் ஓட்டுப் போடு. யானையா குதிரையா, நீயே சொல்லேன்."

பொன்னுரங்கம் போர்டைப் பார்த்தான். யானை 51-க்குப் போனால் மந்திரி வந்து அடித்துவிடும் என்பது அவனுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். திலகவதி நம்பரைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்திப் பூவரசன் கையில் வைத்தான்.

"ஒன் ஓட்டு எனக்கு வேணாம்ணே. என் வூட்டுல வந்து நீ சொன்னத, நீயே இல்லன்னு சொல்லு. என் எதிர்ல சொல்லு."

பூவரசன் போனைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அந்தப் பக்கம் எடுத்துவிட்டாள். வேறு வழியில்லை.

"தங்கச்சி, நான் பூவரசன் பேசறேன். அது… அன்னிக்கி வந்து சொன்னேனே, அது தப்பும்மா. ரங்கம் ஒண்ணும் பண்ணல. கவருலதான் எல்லாம் போயிருக்கு. கூடிப் பேசறப்ப எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. நானும் சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காத."

திலகவதியின் குரல் வந்தது. கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லும் டைம் ஆபீஸ் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"ஒரு மூவுக்கு நாலு பேரு கூடி ஓட்டுப் போடுவீங்களாமே அண்ணே. எங்கம்மா கண்ண அறுத்துக் கட்டுப் போட்டுகினு, திலகா வந்துட்டாளான்னு எட்டு நாளு தடவிப் பாத்துகினு கெடந்துதாம். நான் போவல. அத உங்கள்ள எத்தினி பேரு கை தூக்கி முடிவு பண்ணீங்க?"

பூவரசன் வாயைத் திறந்தார், மூடினார். பொன்னுரங்கம் அவர் கையிலிருந்து போனை வாங்கி, "ரெடியா இரு. அடுத்த வண்டியில அம்மாவப் பாக்கப் போறம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.